சரிவு மைதானமும் எமது பிள்ளைகளின் உதைபந்தாட்டமும்

கடுகண்ணாவையில் சமதரை என்பது தேடிப்பார்த்துக் கண்டெடுக்க வேண்டிய ஒன்று. கொழும்பிலிருந்து கண்டிக்கு வரும் வீதி மாவனல்லையைத் தாண்டிய பின் வளைந்து வளைந்து ஏறி, பாறையைக் குடைந்த பழைய வழியைக் கடந்து, டோசன் கோபுரம் நிற்கும் இடத்துக்கு வந்து சேர்கிறது. 1867இல் கண்டிக்கு முதல் ரெயில் வந்தபோது அதுவும் இந்தக் கணவாயில் ஏறித்தான் வந்தது. ரம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவை வரையான பாதையில் 44 அடி போனால் ஓர் அடி உயரும் என்பது ரெயில்வேக்காரர்களின் கணக்கு. இங்கே வீடு கட்டுபவர் முதலில் மலையை வெட்டுவார். அத்திவாரம் அதற்குப் பிறகுதான்.

பாடசாலை மைதானங்களும் அவ்வாறே அமைந்தவை. ஒரு பக்கத்தில் மலையை வெட்டி, வெட்டிய மண்ணை மறுபக்கத்தில் கொட்டி நிரவிய மைதானங்கள். வெட்டிய பக்கம் கல்லாய் இறுகிக் கிடக்கும். நிரவிய பக்கம் வருடாவருடம் அமிழும். 100 மீற்றர் நீளமான ஒரு மைதானம் எமது ரெயில் பாதையின் அளவுக்குச் சரிந்திருந்தால் ஒரு கோலுக்கும் மற்றக் கோலுக்கும் இடையில் இரண்டேகால் மீற்றர் உயர வித்தியாசம் இருக்கும். கோல் கம்பத்தின் உயரமே 2.44 மீற்றர்தான். நான் பார்த்த ஒன்றிரண்டு மைதானங்கள் அந்த ரெயில் பாதையை விடவும் மோசம்.

குடும்ப வன்முறை, நுண்கடன், நட்டஈட்டு விண்ணப்பம் என்று எழுதும் பக்கங்களில் உதைபந்தாட்டம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். நான் பேராதனையில் சமூகவியல் படித்து, பத்து வருடங்களுக்கு மேலாக இப்பகுதியில் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களுடன் வேலை செய்பவள். அண்மைக் காலமாக வீடுகளுக்குப் போகும்போது தாய்மார் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளில் இதுவும் ஒன்றாகிவிட்டது: "மிஸ், பிள்ளை பந்தடிக்கப் போகப்போறன் எண்டு நிக்குது. விடட்டோ, வேண்டாமோ?"

அந்தக் கேள்வியைக் கேட்பவர்களின் கதை வாசகிகள் பலருக்குத் தெரிந்ததே. 1977இலும் 1983இலும் மலையகத்தில் வீடு எரிந்து, உயிர் தப்பி வன்னிக்குப் போன குடும்பங்கள் பல. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காடு வெட்டிக் குடியேறி, அங்கே பிள்ளை பெற்று, பிறகு அந்தப் பிள்ளைகளோடு போருக்குள் அகப்பட்டார்கள். 2009க்குப் பிறகு சிலர் முகாமிலிருந்து வெளியே வந்து, கண்டிப் பக்கத்தில் மிச்சமிருந்த உறவுகளைத் தேடி வந்தார்கள். தாய் பேசுவது வன்னித் தமிழ், பாட்டி பேசுவது தோட்டத் தமிழ், பிள்ளை பாடசாலைத் தோழிகளோடு பேசுவது சிங்களம். ஒரு லயத்துக் காம்பராவுக்குள் இந்த மூன்றும் கேட்கும். கணவர் இல்லை, அல்லது இருக்கிறாரா என்று தெரியாது. தாய் கூலி வேலைக்குப் போனால்தான் அன்றைய அடுப்பு.

அப்படியொரு தாய் என்னிடம் சொன்னதை அவர் சொன்னபடியே தருகிறேன். "பந்தடிக்கப் போய் காலை முறிச்சுக்கொண்டு வந்தா ஆர் மிஸ் பாக்கிறது? ஆசுபத்திரியில நான் நிண்டா ரெண்டு நாள் கூலி போகும். சின்னதுகளுக்கு ஆர் சோறு குடுக்கிறது?" பக்கத்தில் இருந்த பாட்டிக்கோ வேறு கவலை. "பொம்பளப் புள்ள அர காச்சட்ட போட்டுக்கிட்டு ஓடுனா ஊருல என்னா பேசுவாங்க?" பாட்டியின் கேள்விக்குப் பதில் சொல்வது எனக்குச் சுலபம். தாயின் கேள்வி அப்படியல்ல. ஏனென்றால் அவர் கேட்டது மைதானத்தைப் பற்றி.

எமது நாட்டில் பாடசாலை விளையாட்டு படிப்படியாக ஏறுவது. முதலில் கோட்டம், பிறகு வலயம், பிறகு மாகாணம், கடைசியில் தேசிய மட்டம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இதற்கு வேறு ஏற்பாடு. அங்கே பத்துப் பதினைந்து பல்கலைக்கழகங்கள் சேர்ந்து 'கொன்பரன்ஸ்' என்று ஒரு கூட்டு அமைத்து, ஓகஸ்டிலிருந்து நவம்பர் வரை தமக்குள் ஆடும். அதில் வெல்லும் அணி தேசியச் சுற்றுக்குப் போகும். ஒவ்வோர் அணியும் பாதிப் போட்டிகளைத் தன் சொந்த மைதானத்திலும் மீதியை எதிரணியின் மைதானத்திலும் ஆட வேண்டியிருப்பதால், எந்த மைதானத்தில் புல் நீளம், எது செயற்கைத் தரை, எது மழைக்குத் தாங்கும் என்பதெல்லாம் பயிற்றுவிப்பாளர்களுக்கு மனப்பாடம். எமது பிள்ளைகளுக்கோ தங்கள் சொந்த மைதானத்தைத் தவிர மற்றது எதுவும் தெரியாது. போட்டி நாளில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதுதான் அடுத்த மைதானத்தைக் காண்கிறார்கள். அதிலேயே பாதிப் போட்டி முடிந்துவிடுகிறது என்பேன்.

மைதானம் ஆட்டத்தை எப்படி மாற்றுகிறது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

கடுகண்ணாவை மலைநாட்டின் மேற்கு விளிம்பில் இருப்பதால் தென்மேல் பருவ மழை நேரே வந்து மோதும். மே தொடக்கம் செப்டெம்பர் வரை அது. ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை. பாடசாலை விட்டுப் பிள்ளைகள் மைதானத்துக்கு இறங்கும் நேரமும் மழை இறங்கும் நேரமும் ஒன்றேதான். நனைந்த மண்ணில் பந்து உருளாது. ஐந்து மீற்றர் தள்ளி நிற்கும் தோழிக்குத் தட்டிய பந்து மூன்றாவது மீற்றரில் சேற்றில் நின்றுவிடும். அதற்குள் எதிரணிப் பிள்ளை வந்து அள்ளிக்கொண்டு போய்விடுவாள். இரண்டு முறை அப்படி நடந்தால் பிள்ளைகள் தாமாகவே பாடம் படித்துவிடுவார்கள். பந்தை நிலத்தில் வைக்கக்கூடாது, தூக்கி அடி, பின்னால் ஓடு. எமது பகுதிப் பெண்பிள்ளைகளின் ஆட்டமுறை இதுதான். பின்களத்தில் நிற்பவள் பலத்தோடு உதைப்பாள், முன்களத்தில் வேகமான ஒருத்தி ஓடுவாள், நடுவில் நிற்கும் நால்வர் தலைக்கு மேலே போகும் பந்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

வெயில் காலத்திலோ நிலம் இறுகி, புல் தேய்ந்த இடத்தில் சரளைக்கல் தெரியும். பந்து எங்கே குத்தி எந்தப் பக்கம் எகிறும் என்று யாருக்கும் தெரியாது. கோல் காப்பாளராக நிற்கும் பிள்ளை பாய்ந்து பிடிக்கப் பயப்படுவாள். பாய்ந்தால் முழங்கையும் இடுப்பும் உரியும். எங்கள் பிள்ளைக்குத் துணிச்சல் இல்லை என்று எல்லைக்கோட்டில் நின்று சத்தம் போடும் பெரியவர்கள் ஒருமுறை அந்தச் சரளையில் விழுந்து பார்க்கலாம்.

சரிவு இன்னொரு விடயம். நாணயச் சுழற்சியில் வென்ற அணி முதலில் மேலிருந்து கீழாக ஆடுவதையே விரும்பும். கால்கள் களைக்கும் முன் கோல் போட்டுவிட்டு, இரண்டாம் பாதியில் எல்லோரும் பின்னால் நின்று தடுத்துக்கொள்ளலாம் என்ற கணக்கு. கீழ்ப்பக்கத்துக் கோல் காப்பாளருக்கு முன்னால் எப்போதும் ஒரு குட்டை. நான் பார்த்த ஒரு வலயப் போட்டியில் நடுவர் அந்தக் குட்டையில் பந்தைப் போட்டுப் பார்த்தார். அது எழும்பவில்லை, மிதந்தது. ஆனாலும் போட்டி நடந்தது. வேறொரு நாளுக்குத் தள்ளிவைத்தால் இரண்டு பாடசாலைகளுக்கும் மறுபடி பஸ் காசு தேட வேண்டும் என்பது நடுவருக்கும் தெரிந்திருந்தது.

இப்பகுதிப் பாடசாலை ஒன்றின் பெண்கள் அணி வலயத்தில் வென்று மாகாண மட்டத்துக்குப் போனது. நான் சொன்ன தாயின் மகளும் அதில் ஆடினாள். அம்மா கடைசிவரை சம்மதிக்கவில்லை, பாட்டிதான் கடிதத்தில் கைநாட்டு வைத்து அனுப்பினார். (அரைக் காற்சட்டையைப் பற்றிப் பேசிய அதே பாட்டிதான். மனிதர்களை ஒரு பேச்சில் வைத்து முடிவு கட்டக்கூடாது.) மாகாணப் போட்டி நடந்த இடம் சமமான, புல் வெட்டிய, தண்ணீர் தேங்காத மைதானம். பிள்ளைகள் அதைக் கண்டதும் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் புல்லில் நடந்து பார்த்தார்கள். பிறகு மூன்றுக்குப் பூச்சியமாகத் தோற்றார்கள்.

ஏன் தோற்றார்கள் என்று பஸ்ஸில் வரும்போது பல பேச்சு. உயரம் போதாது, சத்துணவு போதாது, பயிற்சி போதாது. அதிலெல்லாம் உண்மை இருக்கலாம். ஆனால் நான் கண்டது வேறு. எமது பிள்ளைகள் வழக்கம்போலத் தூக்கி அடித்தார்கள். எமது சேற்றில் விழுந்து நிற்கும் பந்து அந்த நல்ல மைதானத்தில் விழுந்து உருண்டு உருண்டு கோட்டுக்கு வெளியே போனது. முன்கள வீராங்கனை ஓடி ஓடிக் களைத்தாள். எதிரணிப் பிள்ளைகள் பந்தை நிலத்தில் வைத்து ஒருவருக்கொருவர் சின்னச் சின்னதாகத் தட்டிக்கொண்டே வந்தார்கள். தலைக்கு மேலே பந்து போவதைப் பார்த்துப் பழகிய எமது நால்வருக்கும் தமக்கு முன்னால் நடக்கும் ஆட்டத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை. கெட்ட மைதானம் அவர்களுக்கு ஒரு ஆட்டமுறையைப் பழக்கிவிட்டது. அந்த ஆட்டமுறை நல்ல மைதானத்தில் அவர்களைக் கைவிட்டது.

வடக்கில் நிலம் வேறு. வலிகாமத்தின் செம்பாட்டு மண் சுண்ணாம்புக்கல்லின் மேல் கிடப்பது. மழை விட்ட கொஞ்ச நேரத்திலேயே தண்ணீரை உள்ளே இழுத்துவிடும். மண்ணும் தட்டை. தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியின் பெண்பிள்ளைகள் உதைபந்தாட்டத்தில் தேசிய மட்டத்தில் பெயர் எடுத்தவர்கள் என்பதை வாசகிகள் அறிந்திருப்பீர்கள். 1910இல் தொடங்கிய அந்தப் பாடசாலை 1990இல் இடம்பெயர்ந்து, பல வருடங்கள் தன் சொந்த மண்ணை விட்டு வேறு இடங்களில் இயங்க நேர்ந்தது. மைதானத்தைப் பறிகொடுத்து, திரும்பிப் போய், அதில் பெண்பிள்ளைகளை இறக்கி விளையாட வைத்த பாடசாலை அது.

யாழ்ப்பாணம் துரையப்பா விளையாட்டரங்கின் கதை இன்னும் கனமானது. 1999இல் அங்கே திருத்த வேலைக்காக மண்ணைத் தோண்டியபோது மனித எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. பின்னர் இந்திய அரசின் உதவியோடு புனரமைக்கப்பட்டு 2016 ஜூன் 18ஆம் திகதி அது மீண்டும் திறந்து வைக்கப்பட்டது. இன்று பிள்ளைகள் அங்கே ஓடுகிறார்கள். அது சரியா என்று ஒரு பட்டறையில் ஒரு அக்கா கேட்டார். ஓடட்டும், ஆனால் அந்த நிலத்துக்கடியில் என்ன கிடந்தது என்பதைப் பெரியவர்கள் மறக்காமல் இருக்கட்டும் என்று இன்னொருவர் சொன்னார். எனக்கு இரண்டாமவர் சொன்னதே பட்டது. வன்னியில் முகாமாகவும் காவலரணாகவும் இருந்த மைதானங்கள் எத்தனை? கண்ணிவெடி அகற்றி முடியும்வரை பிள்ளைகள் கால் வைக்காத வெளிகள் எத்தனை? மைதானத்தில் கால் வைக்க எமது தாய்மார் பயப்படுவதை அறியாமை என்று சொல்வது பெரும் அநியாயம்.

பெண்களுக்கு மைதானம் மறுக்கப்பட்டதற்கு உலகம் அறிந்த ஒரு கதை உண்டு. அதுவும் போரோடு சம்பந்தப்பட்டதுதான். முதலாம் உலகப் போரின்போது இங்கிலாந்தில் ஆண்கள் போர்முனைக்குப் போக, தொழிற்சாலைகளில் வெடிகுண்டு செய்யும் வேலைக்குப் பெண்கள் வந்தார்கள். பிரஸ்டன் என்ற நகரில் டிக், கேர் என்ற தொழிற்சாலையின் பெண்கள் இடைவேளையில் முற்றத்தில் பந்தடிக்கத் தொடங்கி, ஓர் அணியானார்கள். 1917 நத்தார் தினத்தில் காயப்பட்ட படைவீரரின் மருத்துவமனைக்கு நிதி சேர்க்க அவர்கள் ஆடிய போட்டியைப் பார்க்கப் பத்தாயிரம் பேர் வந்தார்கள். 1920 டிசெம்பர் 26ஆம் திகதி லிவர்பூலின் குடிசன் பார்க் மைதானத்தில் அவர்களது ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர். ஒரு வருடம் கூடப் போகவில்லை. 1921 டிசெம்பர் 5ஆம் திகதி இங்கிலாந்தின் உதைபந்தாட்டச் சங்கம், பெண்களுக்கு இந்த விளையாட்டு ஏற்றதல்ல என்று சொல்லி, தன் அங்கத்துவக் கழகங்கள் எவையும் பெண்களுக்கு மைதானம் கொடுக்கக்கூடாது என்று தீர்மானம் போட்டது. பெண்கள் பந்தடிக்கக்கூடாது என்று சட்டம் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். மைதானத்தை மட்டும் பூட்டினார்கள். அது போதுமாக இருந்தது. 1970களின் தொடக்கத்தில்தான் அந்தத் தடை நீங்கியது. ஐம்பது வருடங்கள்.

அதே காலத்தில், 1972இல், அமெரிக்காவில் அரச பணம் பெறும் கல்வி நிறுவனங்களில் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்ற சட்டம் வந்தது. அது விளையாட்டுக்கும் செல்லும் என்றானதும் பல்கலைக்கழகங்கள் பெண்களுக்கு அணி அமைக்கவும் மைதானம் கொடுக்கவும் வேண்டியதாயிற்று. 1982இல் முதலாவது தேசியப் பல்கலைக்கழகப் பெண்கள் உதைபந்தாட்டச் சுற்று நடந்தது. அதை வென்ற வட கரோலைனாப் பல்கலைக்கழகம் அதன்பின் இருபது தடவைகளுக்கு மேல் கிண்ணம் வென்றிருக்கிறது. அவர்களுடைய ஆட்டம், பந்து எதிரணியிடம் போன அக்கணமே கூட்டமாகப் போய் நெருக்கிப் பறிப்பது. அப்படி ஓடினால் மூச்சு வாங்கும். ஆனால் அங்குள்ள பல்கலைக்கழக விதியின்படி வெளியே போனவர் ஒரு அளவுக்குத் திரும்பவும் உள்ளே வரலாம் என்பதால் ஆட்களை மாற்றி மாற்றி ஓட முடிந்தது. சட்டம் மைதானத்தைத் திறந்தது. விதி ஆட்டமுறையை உண்டாக்கியது. அங்கேயும் சண்டை முடியவில்லை. 2015இல் கனடாவில் நடந்த பெண்கள் உலகக் கிண்ணப் போட்டிகள் முழுவதும் செயற்கைத் தரையில் நடந்தன. ஆண்களை ஒருபோதும் இப்படி ஆட வைத்ததில்லையே என்று பல நாட்டு வீராங்கனைகள் 2014இல் முறைப்பாடு செய்தார்கள். பலன் கிடைக்கவில்லை, முறைப்பாட்டை மீளப் பெற்றுக்கொண்டு ஆடினார்கள். உலகின் சிறந்த வீராங்கனைகளே தரையைப் பற்றி முறையிடும்போது, சரளையில் முழங்கால் உரிந்த பிள்ளை முறையிட்டால் அதைச் செல்லம் என்று சொல்லலாமா?

எமக்குக் கிட்டிய உதாரணம் கடலூரில் இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பின் அங்கே பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்காக இருந்த அரச இல்லத்தில் மாரியப்பன் என்ற பயிற்றுவிப்பாளர் பெண்பிள்ளைகளுக்குப் பந்து பழக்கினார். அந்த ஊரிலிருந்து பல வீராங்கனைகள் வந்தார்கள். 2018இல் தமிழ்நாட்டுப் பெண்கள் அணி, அதுவரை கிண்ணத்தைத் தன் வீட்டுப் பாத்திரம்போல வைத்திருந்த மணிப்பூரை இரண்டுக்கு ஒன்று என்று வென்று முதன்முறையாக இந்தியத் தேசியக் கிண்ணத்தை எடுத்தது. 2023இலும் எடுத்தது. கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடியவர், தமிழ்நாடு பொலிஸில் உதவிப் பரிசோதகர். பந்து அவருக்குத் தொழிலும் கொடுத்தது.

இங்கேதான் எமது நாட்டில் ஒரு முள் இருக்கிறது. இலங்கையில் பெண்கள் உதைபந்தாட்டத்தில் முன்னணியில் நிற்பவை பெரும்பாலும் முப்படைகளின் அணிகள். சம்பளம், தங்குமிடம், சாப்பாடு, நல்ல மைதானம், முழுநேரப் பயிற்சி எல்லாம் அவர்களிடம் உண்டு. பாடசாலையில் திறமை காட்டும் ஒரு பிள்ளைக்கு அடுத்த வாசல் எது என்று கேட்டால் பல பயிற்றுவிப்பாளர்கள் அந்தப் பக்கம்தான் கைகாட்டுவார்கள். கணவரை ஒப்படைத்துவிட்டு இன்றுவரை பதில் இல்லாமல் இருக்கும் ஒரு தாயிடம் போய் இதை எப்படிச் சொல்வது? போகும் பிள்ளையைக் குறை சொல்ல நான் யாரும் இல்லை. ஆனால் அந்த ஒரு வாசல் மட்டும்தான் திறந்திருக்கிறது என்றால் அது எமது பிள்ளைகளில் பலருக்கு மூடிய வாசல்தான். வேறு வாசல்களும் உண்டு என்பதைத் தாய்மாருக்குச் சொல்ல வேண்டும். தேசிய கல்வியியற் கல்லூரிகளில் உடற்கல்வி ஆசிரியர் பயிற்சி இருக்கிறது. சப்ரகமுவப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விஞ்ஞானப் பட்டப்படிப்பு இருக்கிறது. உயர்தரத்தில் தகைமை பெற்று, விளையாட்டில் தேசிய மட்டத்திலோ அதற்கு மேலோ சாதித்தவர்களுக்குப் பல்கலைக்கழக அனுமதியில் விசேட ஏற்பாடு இருக்கிறது. ஆகையால் சான்றிதழ்களைக் கவனமாக வையுங்கள். முகாமில் பிறப்புச் சான்றிதழ் தொலைத்து அலைந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

தோற்றுத் திரும்பிய பிறகு என்ன நடந்தது என்பதைச் சொல்கிறேன். அந்தப் பாடசாலை மைதானம் வாரம் முழுவதும் ஆண்பிள்ளைகளின் கிரிக்கெட்டுக்கு. பெண்பிள்ளைகளுக்கு அவர்கள் வராத நாள், அதாவது மழை நாள். எமது மாதர் குழுவில் பேசி, பதினொரு தாய்மார் கையெழுத்திட்டு அதிபருக்குக் கடிதம் கொடுத்தோம். அதிபர் மறுக்கவில்லை. மைதானமே ஆடும் நிலையில் இல்லை, முதலில் அதைத் திருத்த வழி சொல்லுங்கள் என்றார். தட்டிக் கழிப்பதற்குச் சொன்னாரோ தெரியாது. எமது பெண்கள் அதைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டார்கள்.

2024 ஓகஸ்ட் விடுமுறையில் சிரமதானம் வைத்தோம். நான் பிரதேச செயலகத்தில் ஆள் பிடித்து வரைபடம் கேட்கலாம் என்று நினைத்திருந்தேன். தேவைப்படவில்லை. தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த பெண்களுக்கு மலைச்சரிவில் தண்ணீர் எங்கே வரும், எந்தக் கோணத்தில் கான் வெட்டினால் மண்ணை அள்ளாமல் தண்ணீர் மட்டும் போகும் என்பதெல்லாம் கைவந்த கலை. நேரே கீழே வெட்டினால் கான் குழியாகும், சரிவுக்குக் குறுக்கே மெல்லச் சாய்த்து வெட்ட வேண்டும் என்று பாட்டிமார் நின்று சொல்ல, மைதானத்தின் மேல் விளிம்பு நீளத்துக்கும் கான் வெட்டினார்கள். கோலுக்கு முன்னால் இருந்த குட்டையில் உடைகல் போட்டு மண் நிரவிப் புல் பதித்தார்கள். அந்தத் தாயும் மண்வெட்டியோடு வந்திருந்தார். மத்தியானத்துக்குப் பிறகு பிள்ளைகள் ஒரு பாதியில் பந்து தட்டிக்கொண்டிருந்தபோது அவர் மண்வெட்டிப் பிடியில் சாய்ந்து நின்று நெடுநேரம் பார்த்தார். "கொஞ்சம் பாத்து விழு பிள்ளை" என்று ஒரு தடவை சத்தம் போட்டார். அவ்வளவுதான். அடுத்த கடிதத்தில் கையெழுத்து அவருடையது.

2025 நவம்பரில் பஹல கடுகண்ணாவையில் வீதியோரத்தில் மண்ணும் பாறையும் சரிந்து உயிர்கள் போனதையும், அந்த மாதக் கடைசியில் டித்வா புயல் கண்டி மாவட்டத்தை உலுக்கியதையும் மறந்திருக்க மாட்டீர்கள். எமது மைதானத்தில் நிரவிய பக்கத்தின் ஒரு மூலை வழுகிப் போனது. கான் இருந்த பக்கம் தப்பியது. மூலைக் கொடியை உள்ளே தள்ளி நட்டிருக்கிறோம். உதைபந்தாட்ட விதியில் அகலத்துக்கு 45 மீற்றரிலிருந்து 90 மீற்றர் வரை இடம் இருப்பதால் அதற்கு யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் இனி வெட்டிய சரிவில் மண்வெட்டி வைப்பதற்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தாரிடம் கேட்காமல் எதையும் செய்வதில்லை என்று முடிவெடுத்திருக்கிறோம். உங்கள் ஊரும் மலைச்சரிவு என்றால் நீங்களும் அவ்வாறே செய்யுங்கள்.

ஆட்டமுறையையும் மாற்றத் தொடங்கியிருக்கிறார்கள். மழை நாளில் பிள்ளைகள் வலைப்பந்தாட்ட முற்றத்துக்குப் போகிறார்கள். ஊரில் சமதரை என்று சொல்லத்தக்கது அந்தச் சீமெந்து முற்றம்தான். அதில் ஐந்துக்கு ஐந்து பேராக நின்று, பந்தை முழங்காலுக்கு மேல் எழுப்பாமல் தட்டிப் பழகுகிறார்கள். எழுப்பினால் பந்து மற்றப் பக்கத்துக்கு. முதல் மாதம் ஒரே சண்டை. இப்போது நடுவில் நிற்கும் நால்வருக்கும் வேலை இருக்கிறது.

காயத்தைப் பற்றிக் கேட்ட தாய்மாருக்குச் சொல்வது இது. பயம் நியாயமானது. முழங்கால் உள்நார் அறுவது ஆண்களை விடப் பெண்பிள்ளைகளுக்கே கூடுதலாக நடக்கிறது என்பது மருத்துவ உலகம் அறிந்தது. ஆனால் குறைக்க வழி உண்டு. நோர்வேயில் 13 முதல் 17 வயதுவரையான பெண்பிள்ளைகளிடம் செய்து 2008இல் வெளியான ஓர் ஆய்வில், விளையாட்டுக்கு முன் இருபது நிமிடம் முறையாக உடலைத் தயார்படுத்திய அணிகளில் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தன. மெல்லோட்டம், ஒற்றைக் காலில் நிற்பது, குதித்து முழங்காலை மடக்கி மெதுவாக இறங்குவது, திசை மாற்றி ஓடுவது போன்ற சாதாரணப் பயிற்சிகள்தான். 'பிபா 11 பிளஸ்' என்று கேட்டால் உடற்கல்வி ஆசிரியர்களுக்குத் தெரிந்திருக்கும். உங்கள் பிள்ளையின் பாடசாலையில் அதைச் செய்கிறார்களா என்று கேளுங்கள். கேட்பதற்கு ஆங்கிலம் தேவையில்லை.

உடுப்பைப் பற்றி: அரைக் காற்சட்டைக்கு உள்ளே நீளக் காற்சட்டை அணிய விதியில் தடை இல்லை. தலையை மூடி ஆடுவதற்கும் 2014இலிருந்து சர்வதேச விதி இடம் கொடுக்கிறது. எமது அணியில் இரண்டு முஸ்லிம் பிள்ளைகள் அப்படித்தான் ஆடுகிறார்கள். மாதவிலக்கு நாட்களில் ஆடலாமா என்றால், பிள்ளைக்கு முடியுமென்றால் ஆடலாம். அதைவிட முக்கியம் மைதானத்துக்கு அருகில் கதவு பூட்டக்கூடிய, தண்ணீர் வரும் ஒரு மலசலகூடம். அது இல்லாத காரணத்தால் பயிற்சியை விட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும். சப்பாத்து வாங்க வசதி இல்லாவிட்டால் பெரிய வகுப்புப் பிள்ளைகள் விட்டுப்போன சப்பாத்துகளைச் சேர்த்து ஒரு பெட்டியில் வைக்கலாம். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். அளவு சரியாக இருக்க வேண்டும். பெரிய சப்பாத்துக்குள் துணி திணித்து ஓடினால் கணுக்கால் சுளுக்கும்.

பயிற்சி தொடங்கும் முன் ஒருமுறை மைதானத்தை நீங்களே நடந்து பாருங்கள். கண்ணாடித் துண்டு, கம்பி, குழி, மாட்டுக் கட்டை இருக்கிறதா என்று காலால் தேடுங்கள். கோல் கம்பம் நிலத்தில் இறுக்கமாக நிற்கிறதா என்று கையால் ஆட்டிப் பாருங்கள். கழற்றி வைக்கும் கம்பங்கள் சாய்ந்து விழுந்து பிள்ளைகள் இறந்த சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. வடக்கில், முன்பு ஆள் நடமாட்டம் இல்லாதிருந்த வெளி என்றால், வெடிபொருள் அகற்றி ஒப்படைக்கப்பட்ட இடமா என்று கிராம அலுவலரிடம் கேட்ட பிறகே பிள்ளையை இறக்குங்கள்.

எமது பிள்ளைகளுக்கு இப்போது செவ்வாயும் வியாழனும் பின்னேரம் இரண்டரை மணியிலிருந்து நான்கு மணி வரை மைதானம் கிடைக்கிறது. மூன்றாவது நாள் ஒன்றும் கேட்டு இம்முறை பத்தொன்பது தாய்மார் கையெழுத்திட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.